தணல் கிடந்த போறணையும் இறுக மூடிய தகடும்: உப்புவெளிப் பேக்கரி ஒன்றில் நடந்தது

2022 டிசம்பர் 8ஆம் திகதி இரவு. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் பெரிய மழை இல்லை. ஆனால் வாடைக் காற்று எலும்பைத் தொட்டது. அந்த இரண்டு மூன்று நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்ததைப் பத்திரிகைகள் எழுதின. வெயிலுக்கே பழகிய ஊருக்கு அது விசித்திரமான இரவு. உப்புவெளிப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் விறகுப் போறணைக்கு (பாண் சுடும் செங்கல் அடுப்பு) முன்னால், குளிருக்கு இதமாக மாமூடைகளின் மேல் சாய்ந்திருந்த 22 வயதுப் பையன் அதிகாலை ஒன்றரை மணிக்கு எழ முயன்று எழ முடியாமல் வாந்தி எடுத்தான். அதே நேரத்தில் போறணைக்குள் இருந்த பாண் அருமையாக வெந்திருந்தது. நிறத்தில் குறையில்லை, மேற்பொருக்கில் குறையில்லை. அடுப்பில் ஏதோ பிழை என்று யாருக்கும் தோன்றாமல் போனதற்கு அந்தப் பாணும் ஒரு காரணம்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உலை பார்த்தவன். கொழுந்து காயவைக்கும் சூடான காற்றுக்காக விறகு எரிக்கும் உலை அது. பிறகு ஊருக்குத் திரும்பி, போறணை, நெல் அவிக்கும் கொதிகலன், கல்யாண மண்டப அடுப்பு என்று நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும் திருத்தி வாழ்கிறேன். இந்தப் பேக்கரிக்கும் நான்தான் வேலை செய்தவன். அதனால் இந்த ஆய்வு முழுவதும் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. காரணம் பின்னால் வரும்.

போறணையின் கதை

போறணை பழையது. முதலாளியின் தகப்பனார் காலத்தில் செங்கல்லால் கட்டிய வளைவுக் கூரைப் போறணை. நெருப்பை உள்ளேயே மூட்டி, கல்லும் தளமும் சூடேறிய பின் தணலை வாரி வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, அந்தத் தேங்கிய சூட்டில் பாண் போடுவது இதன் முறை. வாய்க்கு நேர் மேலே புகைபோக்கி தொடங்குகிறது. அதன் கழுத்தில் படுக்கைவாட்டில் உள்ளே தள்ளி வெளியே இழுக்கக்கூடிய இரும்புத் தகடு ஒன்று. புத்தகங்களில் இதை டாம்பர் என்பார்கள். பேக்கரியில் அதற்கு வெறும் தகடு என்றுதான் பெயர். தகடு திறந்திருந்தால் புகை போகும். மூடினால் சூடு நிற்கும்.

போறணை சில வருடங்கள் சும்மா கிடந்தது. முதலாளி எரிவாயுப் போறணை வாங்கியிருந்தார். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்ததும் நாட்டில் பல பேக்கரிகள் போல இவரும் பழைய போறணையைத் தூசு தட்டினார். மா பக்கத்துச் சீனக்குடாவில் அரைபடுகிறது, ஆனால் அதைச் சுட எரிவாயு இல்லை. அப்போதைய நிலைமை அதுதான்.

சும்மா கிடந்த அந்த இடைவெளியில் போறணை மாறவில்லை. அதைச் சுற்றி எல்லாமே மாறியிருந்தது. முன்பு மூன்று பக்கமும் காற்று நுழையும் ஓட்டுக் கொட்டகையாக இருந்த இடத்துக்கு ஈ வராமலிருக்கக் கண்ணாடி யன்னல் போட்டு, கூரையின் அடியில் பலகை அடித்து, பெட்டி போல ஆக்கியிருந்தார்கள். தென்மேற்குப் பக்கத்து வளவில் இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பியிருந்தது. அதன் சுவர் எங்கள் புகைபோக்கிக்கு எட்டு ஒன்பது அடி தூரத்தில், புகைபோக்கியின் நுனியைவிட உயரமாக நின்றது. நான் இரண்டையும் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக யோசிக்கவில்லை.

அன்றைய இரவு

ஒன்பது மணிக்கு நெருப்பு மூட்டினார்கள். ஒரு கிழமை மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. பச்சை விறகின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே கணிசமான சூடு செலவாகும்; சரியாக எரியாதது புகையாகவும் தாராகவும் புகைபோக்கியில் ஒட்டும். அதனால் நவம்பர் முதல் முதலாளி சிரட்டைக் கரிக்கு மாறிக்கொண்டிருந்தார். முதலில் கொஞ்சம் விறகு, அது பற்றிய பின் மூடையாகக் கரி. கரி புகைக்காது, சூடு அதிகம், தார் படியாது. குறை ஒன்றுதான், விலை.

விலைதான் பழக்கத்தை மாற்றியது. விறகுத் தணலை வாரி முற்றத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்தவர்கள், காசு கொடுத்து வாங்கிய கரித்தணலைக் கொட்ட மனம் வராமல் போறணையின் பின்மூலைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு முன்பக்கத்தில் பாண் போடத் தொடங்கினார்கள். சூடு இன்னும் நீடிக்கும், இரண்டாம் சுற்றுக்கும் உதவும். பேக்கரியில் அன்று வேலை செய்த மூத்த போறணைக்காரர் இதை என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

பன்னிரண்டே காலுக்குத் தணலை ஒதுக்கினார்கள், பாணை உள்ளே தள்ளினார்கள், வாய்க்கு இரும்புக் கதவைச் சாத்தினார்கள், தகட்டை முழுதாக உள்ளே தள்ளினார்கள். காற்று அடித்ததால் யன்னல்கள் எல்லாம் பூட்டு. அறைக்குள் ஆவி நிறைந்ததால் சுவரில் இருந்த விசிறியைப் போட்டார்கள், உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும் விசிறி. பையன் போறணை வாய்க்கும் விசிறிக்கும் நடுவில் மாமூடை மேல் சாய்ந்தான். மூத்தவர் முன்கடையில் பணிஸ் அடுக்கினார், இடையில் பீடி பிடிக்க வெளியே போய் வந்தார். அந்தப் பீடிதான் அவரைக் காப்பாற்றியது என்றால் வைத்தியர்கள் கோபிப்பார்கள். இருந்தாலும் அதுதான் உண்மை.

ஒன்றரை மணிக்கு மூத்தவருக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. பையனின் நிலையைக் கண்டு அவனை இழுத்து முற்றத்தில் போட்டார். முதலாளி ஓடி வந்தார். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மானி லாச்சியில் கிடந்தது. அதைப் பையனின் விரலில் மாட்டினார்கள். ஒட்சிசன் 98 என்று காட்டியது. "மூச்சில் பிழை இல்லை, சாப்பாட்டில்தான் ஏதோ" என்று முடிவு செய்து, மதியம் சாப்பிட்ட மீன்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு அரை மணித்தியாலம் வீணாக்கினார்கள்.

அந்த 98 என்ற எண்ணைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். கரித்தணல் விடும் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயு இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய இரத்தமும் செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். சாதாரண விரல்மானி அந்தச் சிவப்பை ஒட்சிசன் ஏறிய இரத்தம் என்று எண்ணி நல்ல கணக்குக் காட்டும். நோயாளி நஞ்சேறிச் சாகும் நிலையிலும் அது 98 சொல்லலாம். எனவே கரி எரியும் இடத்தில் தலையிடி, வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் அந்தக் கருவியை லாச்சியிலேயே விட்டுவிட்டு ஆளைத் திறந்த வெளிக்கு இழுத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் ஆகும். முகமூடியில் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் போதும். ஆஸ்பத்திரியில் இரவுக் கடமையில் இருந்த இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கரி எரித்தீர்களா?" என்பதாம். பையன் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தான். ஒரு மாதம் வரை மறதி இருந்தது என்று தாயார் சொன்னார்.

புகை இல்லாததுதான் சிக்கல்

மறுநாள் பேக்கரிக்குப் போனபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "புகையே இல்லையே!" ஒக்டோபரில் ஈர விறகு எரித்தபோது கண் எரிந்தது, எல்லோரும் இருமினார்கள், யன்னலைத் திறந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் புகை அடங்கியது, அறை தெளிவானது, ஒருவன் விழுந்தான்.

கரி என்பது புகையாக வேண்டியதெல்லாம் ஏற்கனவே போன பின் மிஞ்சிய காபன். அது எரியும்போது கீழே காற்று படும் இடத்தில் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. அந்த வாயு மேலே உள்ள செந்தணலை ஊடுருவும்போது இன்னொரு காபனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பங்கு காபனோரொட்சைட்டாக மாறுகிறது. தணல் எவ்வளவு தடிப்போ, காற்று எவ்வளவு குறைவோ, அவ்வளவு நஞ்சு. மேலே போதிய காற்று இருந்தால் அது நீலச் சுவாலையாக எரிந்து தீர்ந்துவிடும். தகட்டையும் கதவையும் சாத்திய போறணைக்குள் அந்த நீலச் சுவாலைக்கு இடமில்லை. நிறமில்லை, மணமில்லை, எடையும் கிட்டத்தட்டக் காற்றின் எடைதான். எனவே தரையில் தங்காது, கூரைக்கும் ஓடாது, அறை முழுவதும் கலந்து நிற்கும்.

நிலக்கரி அடுப்பால் வீட்டைச் சூடாக்கும் குளிர்நாடுகளில் இந்தப் பாடத்தைப் பல உயிர்களைக் கொடுத்துப் படித்திருக்கிறார்கள். நம் ஊரில் நிலக்கரி என்றால் 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் அனல்மின் திட்டம்தான் நினைவுக்கு வரும், அடுப்பு வராது. ஆனால் சிரட்டைக் கரியின் தணலும் நிலக்கரியின் தணலும் குணத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அங்கே அடிப்படை முறை இது: நெருப்பின் வேகத்தை உள்ளே வரும் காற்றால் கட்டுப்படுத்து, வெளியே போகும் வழியை அடைத்துக் கட்டுப்படுத்தாதே. நெருப்பு கிடக்கும் கம்பித் தட்டிக்குக் கீழே உள்ள காற்றுவாயைச் சுருக்கினால் நெருப்பு அடங்கும், ஆனால் உண்டான வாயு புகைபோக்கி வழியே போய்க்கொண்டே இருக்கும். புகைபோக்கியில் தகடு வைத்தால் அது முழுதாக மூடாதபடி துளையோடு வைப்பார்கள். இழுவை, அதாவது புகைபோக்கி வாயுவை மேலே இழுக்கும் பலம், மிஞ்சினால், எடை கட்டிய சிறு கதவு ஒன்று தானே திறந்து அறைக் காற்றைப் புகைபோக்கிக்குள் விட்டு இழுவையைத் தணிக்கும். புதுக் கரி போடும்போதும் செந்தணலின் ஒரு மூலையை மூடாமல் விடுவார்கள். அந்த மூலையின் சுடரில் வாயு உடனே பற்றிக்கொள்ளும். விடாவிட்டால் தேங்கிய வாயு சட்டென்று வெடித்துக் கதவைத் தள்ளும்.

போறணைக்காரருக்கு இந்த முறை முழுவதும் ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் தகட்டை மூடுவது நெருப்பை அடக்க அல்ல, கல்லின் சூட்டைக் காக்க. தணலை வாரி எடுத்த பின் மூடினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் மூடினார். பழைய பழக்கத்தின் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டதுதான் நடந்தது.

மேசனின் குழாயில் அளந்தது

காரணம் தெரிந்துவிட்டது என்று அத்தோடு வந்திருக்கலாம். ஒரு விடயம் மட்டும் உறுத்தியது. புகைபோக்கியின் இழுவை, உள்ளே உள்ள சூட்டுக்கும் வெளியே உள்ள சூட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிறப்பது. வெளியே குளிர்ந்தால் இழுவை கூட வேண்டும். எங்கள் புகைபோக்கி 6 மீற்றர். உள்ளே சராசரி 150 பாகை, வெளியே 30 பாகை என்றால் கணக்கின்படி ஏறத்தாழ 19 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை வரும். வெளியே பூச்சியப் பாகையாக உள்ள நாட்டில் அதே புகைபோக்கி 27 பாஸ்கல் இழுக்கும். ஒரு நிலக்கரி அடுப்பு ஒழுங்காக எரிய 10 முதல் 15 பாஸ்கல் வரை கேட்பார்கள். ஆக நம் ஊர் வெக்கையில் புகைபோக்கிக்குக் கையிருப்பு குறைவு. ஆனால் அன்று இரவோ வழமையைவிடக் குளிர். தகட்டின் இடுக்குகள் வழியாவது வாயு மேலே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

பாஸ்கல் என்பது மிகச் சிறிய அளவு. 10 பாஸ்கல் என்பது தண்ணீர் மட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. மேசன்மார் மட்டம் பிடிக்கும் தெளிவான குழாயில் ஒரு மீற்றரை எடுத்து, ஒரு பலகையில் நேராக ஒட்டி, ஒரு முனை மற்ற முனையைவிட 10 சென்ரிமீற்றர் மட்டும் உயரும்படி சாய்த்து வைத்தேன். கீழ்முனையை அகலமான போத்தல் ஒன்றின் அடியில் பொருத்திச் சாயத் தண்ணீர் ஊற்றினேன். போத்தலின் வாய் அறைக்குத் திறந்திருக்கும். குழாயின் மேல்முனை ஒரு செப்புக் குழாய் வழியே புகைபோக்கிக்குள் போகும். இந்தச் சாய்வில் தண்ணீர் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் அது கிட்டத்தட்ட ஒரு பாஸ்கல். செலவு அநேகமாக இல்லை. மூத்தவர் என் பலகையைப் பார்த்துவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் போறணை வாயருகே பிடித்தார். திசையை அறிய அது என் குழாயைவிட விரைவானது. அளவை அறிய எனக்குக் குழாய் வேண்டும்.

டிசம்பர் நடுப்பகுதியில், வாடை நிற்காத ஒரு நாளில், பாண் போடாமல் சோதனைக்காகவே நெருப்பு மூட்டினோம். கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியையும் சுவரில் மாட்டினேன். அவர் வாழும் ஒன்றாரியோவில் எரிபொருள் எரிக்கும் வீடுகளில் அது சட்டப்படி கட்டாயம். இங்கே கேட்டால் சிரிப்பார்கள்.

நெருப்பு முழு வேகத்தில், தகடு திறந்து, யன்னல் திறந்து, விசிறி நின்றிருக்க: 14 பாஸ்கல். நல்ல இழுவை. அப்படியே யன்னல்களைப் பூட்டி விசிறியைப் போட்டதும் தண்ணீர் பின்வாங்கி 5இல் நின்றது. ஆக, விசிறி மட்டும் 9 பாஸ்கலைத் தின்கிறது. பூட்டிய அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளும்போது, வெளியேறிய காற்றுக்கு ஈடு எங்கிருந்தாவது வர வேண்டும். அறையில் இருந்த மிகப் பெரிய திறந்த ஓட்டை எங்கள் புகைபோக்கி.

இங்கேதான் நான் முன்னே சொன்ன காரணம் வருகிறது. அந்த விசிறியைப் பூட்டச் சொன்னவன் நான். ஒக்டோபரில் புகைத் தொல்லை என்று என்னைக் கூப்பிட்டபோது புகைபோக்கியைத் துடைத்துவிட்டு, "ஒரு விசிறி போடுங்கள், புகை வெளியே போகும்" என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். நெருப்பு பலமாக எரியும்போது மீதி 5 பாஸ்கலாவது இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நானும் நெருப்பு பலமாக எரியும்போதுதான் பார்த்திருந்தேன். தணல் நேரத்தில் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

தணல் நேரத்துக்கு வருவோம். தகட்டை மூடி அரை மணித்தியாலம் விட்டதும் புகைபோக்கி ஆறத் தொடங்கிவிட்டது. சராசரிச் சூடு 65 பாகை அளவுக்கு இறங்கினால் கணக்குப்படி இழுவை ஏழு எட்டுப் பாஸ்கல்தான். யன்னல் திறந்து விசிறி நின்றிருந்தபோது தகட்டுக்கு மேலே என் குழாய் 6 காட்டியது, ஆனால் காற்று வீச்சுக்கு ஏற்ப 2க்கும் 9க்கும் இடையில் ஆடியது. யன்னலைப் பூட்டி விசிறியைப் போட்டேன். தண்ணீர் பூச்சியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் 3 போனது. ஒரு பலமான வீச்சில் 8 வரை போனது. புகைபோக்கி தலைகீழாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெளிக்காற்று மேலிருந்து இறங்கி, தகட்டின் இடுக்கு வழியே போறணைக்குள் போய், தணலை மெல்ல ஊதி, உண்டான நஞ்சை வாய்க்கதவின் விளிம்பு வழியே அறைக்குள் தள்ளியது. பையன் படுத்திருந்த இடம் அந்தக் காற்றோட்டத்தின் நடுவில். மூத்தவரின் ஊதுபத்திப் புகை கதவு விளிம்பிலிருந்து விலகி நேரே விசிறியை நோக்கி ஓடியது. கனடாக் கருவி ஐந்து நிமிடத்துக்குள் பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டி அலறியது. 400 பங்கு என்றால் ஓரிரு மணித்தியாலத்தில் தலையிடி தொடங்கும். 800 என்றால் முக்கால் மணித்தியாலத்தில் தலைசுற்றும், வாந்தி வரும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உயிரே போகலாம். எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே ஓடினோம். அந்த இரவு நாங்கள் பார்த்ததைவிட மோசமாக இருந்திருக்கும், ஏனென்றால் காற்று அதைவிடப் பலம்.

சுவரும் காற்றும்

குளிர் கூட்டிக் கொடுத்த இழுவையைக் காற்று பறித்துக்கொண்டது எப்படி என்பதுதான் கடைசி முடிச்சு. வாடை வடக்கிலிருந்து, கொஞ்சம் கிழக்குச் சாய்ந்து வருகிறது. எங்கள் புகைபோக்கியைக் கடந்து போய் இரண்டு மாடிச் சுவரில் மோதுகிறது. மோதிய காற்று நின்று, அழுத்தமாக மாறி, சுவருக்கு முன்னால் ஒரு மெத்தை போலத் தேங்குகிறது. புகைபோக்கியின் நுனி அந்த மெத்தைக்குள் புதைந்திருக்கிறது. நொடிக்கு 5 மீற்றர் வேகக் காற்று, அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர், முழுதாக நிறுத்தப்பட்டால் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 15 பாஸ்கல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அதில் ஒரு பங்கு நுனியில் விழுந்தாலே ஆறிய புகைபோக்கி தோற்றுவிடும். வெளியே 20 பாகை வரை குளிர்ந்தது என்று வைத்தாலும், அந்தக் குளிர் கூட்டிக் கொடுப்பது இரண்டு மூன்று பாஸ்கல்தான்.

முதலாளி இதை முதலில் நம்பவில்லை. "ஆனி ஆடியில் நன்றாகத்தானே எரிந்தது, சுவர் அப்போதும் இருந்ததே" என்றார். அவர் சொன்னது சரி. ஆனி ஆடியில் இங்கே வீசுவது கச்சான். தரைப் பக்கமிருந்து வரும் அந்த உலர்ந்த காற்றுக்கு அதே சுவர் மறைப்பு. புகைபோக்கி சுவரின் நிழலில் நிற்கிறது. அங்கே அழுத்தம் குறைவு, சில நேரம் உறிஞ்சலாகவே உதவும். கடலோரத்தில் புகைபோக்கி கட்டுபவர்கள் ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டுக் கூலி வாங்கக் கூடாது. ஆனியில் பார்த்தவர் மார்கழியில் ஒருமுறை வர வேண்டும். நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன்.

செய்த மாற்றங்கள்

தணலை வாரி எடுப்பது மறுபடியும் கட்டாயமானது. மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒன்றை முற்றத்தில் வைத்தோம். தணலை அதில் போட்டு மூடினால் காற்றில்லாமல் அணைந்து மறுநாள் கரியாகவே கிடைக்கும். காசு வீணாகவில்லை என்றதும் முதலாளிக்கும் சம்மதம். தொட்டியை உள்ளே வைக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

விசிறியைக் கழற்றித் திருப்பிப் பூட்டினேன். இப்போது அது வெளிக்காற்றை வலையின் வழியே உள்ளே தள்ளுகிறது. ஆவி போக, கூரை முகட்டில் அடைத்திருந்த பலகையில் இரண்டைக் கழற்றினோம். அதே விசிறி, அதே மின்சாரம். முன்பு இழுவையிலிருந்து 9 பாஸ்கலைத் தின்றது, இப்போது இரண்டு மூன்றைக் கூட்டுகிறது. இவ்வளவு சின்ன வேலை ஒக்டோபரில் எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புகைபோக்கியை உயர்த்தியதுதான் செலவு. பத்து அடி சுற்றுக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடியாவது மேலே நுனி நிற்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் புழங்கும் கட்டுமான விதி. சுவரைத் தாண்ட இரண்டரை மீற்றர் தேவைப்பட்டது. பழைய செங்கல் மேல் மேலும் செங்கல் ஏற்ற மேசன் மறுத்தார், சரியாகவே மறுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்களை நிறுத்தி, இடையில் தம்பலகாமத்து அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பலை இறுக்கினோம். உமிச் சாம்பல் சூட்டை எளிதில் கடத்தாது. வெற்று இரும்புக் குழாய் வாடையில் சட்டென்று ஆறி இழுவையை இழந்துவிடும். நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். உப்புக் காற்றில் அந்தக் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்பது வேறு கவலை. மழைத் தொப்பியை நுனியிலிருந்து ஒரு குழாய் விட்ட அளவுக்கு மேலே தூக்கி வைத்தேன். பழைய தொப்பி நுனியை முத்தமிட்டுக்கொண்டிருந்தது.

மூட்டும் முறையையும் மாற்றினோம். ஆறிய, ஈரமான புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கல் போல நிற்கும். முதலில் காய்ந்த தென்னோலைச் சூள் ஒன்றைக் கழுத்தருகே பிடித்து அந்தக் காற்றைச் சூடாக்கி எழுப்பிய பிறகுதான் அடியில் நெருப்பு. இரண்டே நிமிட வேலை. மூத்தவருக்கு இது தெரிந்ததுதான், எரிவாயுக் காலத்தில் மறந்திருந்தார்.

தகட்டின் நடுவில் 10 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு துளை வெட்டினேன். எவ்வளவு வாரினாலும் சாம்பலுக்குள் கொஞ்சம் தணல் ஒளிந்திருக்கும். அதன் மூச்சுக்கு ஒரு வழி வேண்டும். துளையால் சூடு கொஞ்சம் போகிறது, இரண்டாம் சுற்றுப் பாண் வேகப் பத்து நிமிடம் கூடுதலாகிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி முதலாளி என்னிடம் மூன்று முறை பேசினார். நான் மூன்று முறையும் பையனின் பெயரைச் சொன்னேன்.

ஜனவரியில் வாடை பலமாக இருந்த ஓர் இரவு போய் அளந்தேன். தணல் வாரி, தகடு மூடி, விசிறி ஓட: தகட்டுக்கு மேலே 11. வீச்சின்போது 7க்குக் கீழே இறங்கவில்லை. கருவி வாய் திறக்கவில்லை. பையன் வேலைக்குத் திரும்பியிருந்தான், ஆனால் முன்கடைக்கு. போறணைப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறான்.

ஜூன் மாதம், கச்சான் தொடங்கிய பின், எதேச்சையாக அந்தப் பக்கம் போனபோது தகட்டை இழுத்துப் பார்த்தேன். துளையைக் களிமண்ணால் அழகாக அடைத்து, மேலே ஒரு தகரத் துண்டையும் ஒட்டியிருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டேன். யாருமே செய்யவில்லை. களிமண் மட்டும் வெந்து ஓடு போல ஆகியிருந்தது. நான் சண்டை போடவில்லை. தகட்டைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய், இந்த முறை துளைக்குப் பதிலாக, பக்கத்துக்கு 15 சென்ரிமீற்றர் வீதம் ஒரு மூலையையே முக்கோணமாக வெட்டினேன். விளிம்பில் களிமண் நிற்காது. வெட்டிய துண்டை அங்கே விட்டால் அதையே மறுபடி ஒட்டுவார்கள் என்று தெரியும். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.